மழைக்கு முன் அறுக்க வேண்டிய மரம்

புரட்டாசிக் கொலுவிலிருந்து தைப்பொங்கல் வரை: வீட்டு வாசலில் ஒரு ஸ்க்ரோல் சா

ஸ்க்ரோல் சா என்பது மரப்பலகையில் வளைவுகளை அறுப்பதற்கென்றே உருவான மேசை இயந்திரம். தையல் மெஷினில் ஊசி ஏறி இறங்குவதுபோல, ஐந்து அங்குல நீளமுள்ள மெல்லிய பிளேடு ஒன்று இதில் மேலும் கீழும் ஓடுகிறது. வேகம் நிமிடத்துக்குச் சுமார் 400 முதல் 1,600 தடவை வரை. பிளேடு நின்ற இடத்திலேயே ஓடும்; பலகையைத்தான் கையால் திருப்ப வேண்டும். பிளேடின் அகலம் ஒரு மில்லிமீட்டருக்கு முன்பின்னாக இருப்பதால், பலகையை நின்ற இடத்திலேயே சுழற்றி மயில் கழுத்தையும் மாவிலை நுனியையும் அறுத்துவிடலாம். இன்னொரு வசதி அதைவிடப் பெரியது. பலகையின் ஓரத்தைத் தொடாமல் நடுவில் மட்டும் ஒரு ஜன்னலை வெட்டி எடுக்க முடியும். சிறு துளை ஒன்று போட்டு, பிளேடின் ஒரு முனையைக் கழற்றி அந்தத் துளைக்குள் விட்டு, மறுபடி மாட்டி அறுத்தால் போதும். வேறு எந்த மின்ரம்பத்திலும் இவ்வளவு நுணுக்கமாக இது நடக்காது.

மேலை நாடுகளில் இந்த இயந்திரத்துக்கு வேலை மிகுதியாக இருப்பது இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும். பூசணிக்காய் முகங்கள், கலைமான்கள், பனித்துகள் வடிவங்கள், கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் மணிகள் எல்லாம் அப்போது அறுக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் அதே மாதங்களில் கொலு, ஆயுத பூஜை, தீபாவளி, கார்த்திகை தீபம், கிறிஸ்துமஸ், பொங்கல் என்று விழாக்கள் வரிசையாக வருகின்றன. ஆண்டின் அலங்கார வேலைகளில் பெரும்பகுதி இந்த நான்கைந்து மாதங்களுக்குள் அடங்கிவிடுகிறது.

சென்னையின் மேற்குப் புறநகரில் இந்த வேலைக்கு ஏற்ற கைகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961-லும், அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-லும் தொடங்கப்பட்டவை. ஃபிட்டர், டர்னர், டூல் மேக்கர் என்று வெர்னியர் பிடித்துப் பழகியவர்கள் இரண்டு தலைமுறையாக இந்தச் சுற்றுவட்டாரத்தில் வாழ்கிறார்கள். ஆவடிக்கு வடக்கே வெள்ளானூர் போன்ற ஊர்களில் அடுக்குமாடியைவிடத் தனிவீடுகள் அதிகம். கார் நிறுத்தும் இடத்தின் ஒரு மூலையே இந்த இயந்திரத்துக்குப் போதும். மின்சாரமும் 100 வாட் அளவுக்கு மேல் பெரிதாகத் தேவைப்படாது. சத்தம் மிக்ஸியைவிடக் குறைவு.

கைரம்பத்தின் வழி

இயந்திரம் வருவதற்கு முன்பு இதே வேலையை ஃப்ரெட் சா என்ற வில் வடிவக் கைரம்பம் செய்துவந்தது. பிரான்சில் பதினான்காம் லூயி மன்னரின் அரண்மனைக்கு மேசை நாற்காலிகள் செய்த ஆந்த்ரே-ஷார்ல் பூல் (1642–1732), பித்தளைத் தகட்டையும் ஆமை ஓட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே வெட்டில் அறுத்தார். ஒன்றில் விழுந்த பள்ளத்தில் மற்றதன் துண்டு கச்சிதமாகப் பொருந்தியது. லண்டனில் 1760-களில் ஜான் ஸ்பில்ஸ்பரி நிலப்படங்களை மரப்பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின் வழியாக அறுத்துப் பிள்ளைகளுக்குப் புவியியல் கற்பிக்கும் விளையாட்டுப் பொருளாக விற்றார். இன்றைய ஜிக்சா புதிர் அங்கிருந்துதான் வந்தது.

நமக்கு அருகில் இந்த ரம்பம் இன்றும் உயிரோடு இருப்பது மைசூரில். ஈட்டி மரத்தில் யானையும் மயிலும் பதிக்கும் கைவினைஞர்கள், பதிக்க வேண்டிய துண்டுகளை மெல்லிய ஃப்ரெட் சாவால்தான் அறுக்கிறார்கள். முன்பு தந்தம் இருந்த இடத்தில் இப்போது வெளிர்நிற மரங்களும் வெள்ளைப் பிளாஸ்டிக்கும் வந்துவிட்டன, ரம்பம் மாறவில்லை. தமிழ்நாட்டின் மரச்சிற்பப் பெருமை பெரிதும் உளியைச் சார்ந்தது. பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரின் மரச்சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ரம்பத்தால் கோலம் போடும் கலை இங்கே பரவலாக வளரவில்லை. கோலமும் சரிகையும் ஜாலி ஜன்னலும் தெரிந்த ஊரில் அது வளராமல் போனது ஓர் இழப்பே.

அடைமழையும் மரமும்

மேலை நாட்டுச் செய்முறைப் புத்தகத்தை அப்படியே பின்பற்றினால் சென்னையில் வேலை கெட்டுப்போகும். அங்கே குளிர்காலம் வறண்டது. சூடேற்றிய அறைக்குள் மரம் காய்ந்து சுருங்கும். இங்கே ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழைக் காலம். சென்னைக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் கொட்டிவிடுகிறது. விழாக்காலமும் மழைக்காலமும் ஒன்றாக வரும் ஊர் இது.

மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சவும் வெளிவிடவும் செய்யும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது மரத்துக்குள் சுமார் 12 சதவீதம் ஈரம் இருக்கும். காற்று 80 சதவீதத்தில் வாரக்கணக்கில் நின்றால் மரம் 16 சதவீதத்தை நெருங்கும். நீளவாக்கில் மரம் அநேகமாக அசையாது. நாருக்குக் குறுக்கேதான் விரியும். கோடையில் செய்த பெட்டியின் மூடி கார்த்திகையில் திறக்க மறுப்பது இதனால்தான். மெல்லிய சித்திர வேலைப்பாட்டில் இது இன்னும் கடுமையாகத் தெரியும். மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள கொடி நாருக்குக் குறுக்கே போகும் இடத்தில் பலகை அசையும்போது விரிசல் விடும்.

பூச்சும் மழையில் படுத்தும். அரக்கு பாலிஷையோ என்.சி. லாக்கரையோ ஈரக்காற்றில் அடித்தால் பளபளப்புக்குப் பதிலாகப் பால் படர்ந்ததுபோல வெள்ளையாகப் பூத்துவிடும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிவதே காரணம். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசைகள் நீர் வெளியேறித்தான் இறுகும் என்பதால், மழைநாளில் கிளாம்ப்பை இரண்டு மணி நேரத்தில் கழற்றக் கூடாது. இரவு முழுக்க விட வேண்டும்.

ஆகவே இந்த ஊருக்கான கால அட்டவணை தலைகீழாகத்தான் அமைய வேண்டும். அறுக்கும் வேலை ஆடியிலும் ஆவணியிலும். மாலையில் இடிமழை பெய்தாலும் மறுநாள் காலை வெயில் வந்துவிடும் மாதங்கள் அவை. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் வர்ணம் பூசுவதும் புரட்டாசியின் தொடக்கத்துக்குள் முடிய வேண்டும். கார்த்திகை விளக்குச் சட்டமானாலும் கிறிஸ்துமஸ் நட்சத்திரமானாலும் இதே கணக்குத்தான். டிசம்பருக்கான வேலையை டிசம்பரில் தொடங்கினால் ஈர மரத்தோடும் காயாத வர்ணத்தோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். முடிந்த பொருளின் முன்பக்கம், பின்பக்கம், அறுத்த ஓரம் என எல்லாப் பரப்புக்கும் ஒரே அளவு பூச்சு கொடுப்பது அவசியம். முன்பக்கம் மட்டும் பூசிய பலகை பின்பக்கத்தின் வழியாக ஈரத்தைக் குடித்து வளைந்துவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. ப்ளைவுட் ஷீட்டைச் சுவரோரம் தரையில் சாய்த்து வைப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் வழக்கம். வெள்ளத்துக்குத் தப்ப லாஃப்ட்டில் படுக்கவைப்பதே பாதுகாப்பு; சாய்த்து வைத்தால் வெள்ளம் வராவிட்டாலும் பலகை வளையும்.

எந்த மரம்

சன்னபட்டணத்துப் பொம்மைகளுக்குப் பயன்படுவது வெட்பாலை மரம். வெளிர் நிறமும் மென்மையும் சீரான நாரும் கொண்டது. சிறு உருவங்களுக்கு இதைவிட நல்ல மரம் தென்னிந்தியாவில் அரிது. கிடைக்காவிட்டால் பூவரசு நல்லது. அதன் வைரப்பகுதியின் கருஞ்சிவப்பும் வெளிப்பகுதியின் வெளிர்மஞ்சளும் ஒரே துண்டில் இரண்டு வர்ணம் தரும். வேம்பைப் பூச்சி எளிதில் அண்டாது, ஆனால் நார் குறுக்குமறுக்காக ஓடுவதால் மெல்லிய கொடிகளுக்கு ஒத்துவராது. தேக்கு அழகானது, அதில் கலந்திருக்கும் சிலிக்கா பிளேடை வேகமாக மழுக்கும்.

தொழிற்பேட்டை பக்கத்தில் இருப்பதால் இன்னொரு மூலப்பொருளும் கிடைக்கிறது. இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளும் பேலட்டுகளும் பெரும்பாலும் பைன் மரம். பழைய பேக்கிங் மரம் விற்கும் கடைகளில் இவை மலிவாகக் கிடைக்கும். வாங்கும்போது பலகையில் சூடு போட்டதுபோல் அச்சிட்ட முத்திரையைப் பார்க்க வேண்டும். நாடு விட்டு நாடு போகும் பேக்கிங் மரங்களுக்கான ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதிப்படி, கோதுமைக் கதிர்ச் சின்னத்துக்குப் பக்கத்தில் ஹெச்.டி. என்ற எழுத்துகள் இருந்தால் அந்த மரம் பூச்சி ஒழிய வெப்பத்தில் பதப்படுத்தப்பட்டது, பயன்படுத்தலாம். எம்.பி. என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சு வாயுவில் பதப்படுத்தப்பட்டது. குழந்தைகள் கையாளும் பொம்மைக்கு அந்தப் பலகை ஆகாது. முத்திரையே இல்லாத, எண்ணெய்க் கறை படிந்த பலகையையும் ஒதுக்கிவிட வேண்டும்.

மெல்லிய வேலைப்பாட்டுக்குப் ப்ளைவுட்டே சிறந்தது. அடுத்தடுத்த அடுக்குகளில் நார் குறுக்காக ஓடுவதால் மழையிலும் அதிகம் அசையாது, கொடிகளும் ஒடியாது. கடைக்காரர் எம்.ஆர். என்று சொல்லும் ரகம் வீட்டுக்குள் வைக்கும் பொருளுக்குச் சரி. வாசலில் தொங்கும் நட்சத்திரத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் ப்ளை வேண்டும். மலிவு ப்ளைவுட்டின் நடு அடுக்கில் வெளியே தெரியாத இடைவெளிகள் இருக்கும். அறுத்து முடித்த மயில் தோகையில் அவை ஓட்டையாக வெளிப்படும். சாதாரண எம்.டி.எஃப். பலகை வெண்ணெய்போல் அறுபடும், மழையில் ஓரம் உப்பிவிடும். ஈரம் தாங்கும் ஹெச்.டி.ஹெச்.எம்.ஆர். பலகை அந்தக் குறையை ஓரளவு தீர்க்கிறது.

பிளேடும் கையும்

பிளேடில் இரண்டு வகை உண்டு. இரு முனையிலும் குறுக்கே சிறு ஊசி உள்ளவை மாட்டச் சுலபம். ஆனால் அந்த ஊசி நுழைய ஐந்து மில்லிமீட்டர் துளையாவது வேண்டும். ஊசியில்லாத பிளேடுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் துளை போதும். விழாக்கால நுண்வேலைக்கு இரண்டாவது வகையை மாட்டக்கூடிய இயந்திரத்தையே வாங்க வேண்டும். வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான். விலையையும் பிராண்டையும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆறு மில்லிமீட்டர் ப்ளைவுட்டுக்கு 2 அல்லது 3-ஆம் எண் பிளேடு, அரை அங்குலப் பலகைக்கு 5-ஆம் எண், முக்கால் அங்குலத்துக்கு 7 அல்லது 9. பல் கீழ்நோக்கி இருக்க வேண்டும். முறுக்கி மாட்டிய பிளேடை விரலால் சுண்டினால் வீணைத் தந்திக்குரிய தெளிவான ஒலி வர வேண்டும்; தொளதொளவென்று ஒலித்தால் வெட்டு சாய்ந்துபோகும். பிளேடு மேசைக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க மட்டம் தேவையில்லை. தடித்த கட்டையில் லேசாக ஒரு கீறல் போட்டு, கட்டையைச் சுற்றித் திருப்பி, அந்தக் கீறல் பிளேடின் பின்பக்கத்தில் தட்டாமல் நுழைகிறதா என்று பார்த்தால் போதும்.

புதிதாகத் தொடங்குபவர் எல்லோரையும் குழப்புவது, கோட்டின் மேல் நேராகத் தள்ளினாலும் பிளேடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போவது. இது கையின் தவறல்ல. தகட்டை வெட்டிப் பல் உருவாக்கும்போது ஒரு பக்கத்தில் மட்டும் சிறு பிசிறு மிஞ்சுகிறது. அந்தப் பக்கம் கூடுதலாக அறுக்கும். பலகையைச் சில டிகிரி சாய்த்துத் தள்ளினால் கோடு நேராகும். ஒரு பிளேடு ஏறக்குறைய அரை மணி நேரம் நன்றாக உழைக்கும். வழக்கத்தைவிட அழுத்தித் தள்ள வேண்டியிருந்தால், மரம் கருகும் வாடை வந்தால், பிளேடை மாற்றிவிட வேண்டும். பிளேடைச் சிக்கனம் பிடித்து மரத்தை வீணாக்குவது இந்த வேலையில் மிகவும் சாதாரணமாக நடக்கும் பிழை.

கொலுவும் கோலமும்

கொலுவுக்கான பொம்மைகள் மண்ணிலும் காகிதக் கூழிலும் விளாச்சேரி, பண்ருட்டி, காஞ்சிபுரம் போன்ற ஊர்களில் உருவாகின்றன. அந்தப் பொம்மைகளுக்குப் போட்டியாக மரத்தில் சாமி உருவங்கள் செய்யத் தேவையே இல்லை. படிகளுக்குக் கீழே பிள்ளைகள் அமைக்கும் பூங்கா, கடைத்தெரு, ரயில் நிலையம், தெப்பக்குளம் இவற்றில்தான் ஸ்க்ரோல் சாவுக்கு இடம் இருக்கிறது. மூன்று மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் ஒரே கோபுரத்தை ஐந்து அடுக்காக, ஒன்றைவிட ஒன்று சற்றுச் சிறிதாக அறுத்து முன்பின்னாக ஒட்டினால், விளக்கொளியில் ஆழம் தெரியும். வேலி, மரம், தெருவிளக்கு போன்றவை பத்துப் பதினைந்து வேண்டும் என்பதால் நான்கு ப்ளைவுட் துண்டுகளை அடுக்கி ஓரத்தில் டேப் சுற்றி ஒரே வெட்டில் அறுக்கலாம்.

யானை, குதிரை போன்ற முழு உருவங்களுக்கு வேறு முறை. ஒன்றரை அங்குலச் சதுரக் கட்டையின் அடுத்தடுத்த இரண்டு முகங்களில் முன்தோற்றத்தையும் பக்கத்தோற்றத்தையும் ஒட்ட வேண்டும். முதல் முகத்தை அறுத்ததும் கழிவுத் துண்டுகளை எடுத்தெறியாமல், அப்படியே சேர்த்து டேப் சுற்றி மறுபடி கட்டையாக்கிக்கொண்டு, 90 டிகிரி திருப்பி இரண்டாவது முகத்தை அறுக்க வேண்டும். டேப்பைப் பிரித்ததும் வெளிக்கட்டை உதிர்ந்து உள்ளேயிருந்து யானை வரும். பிள்ளைகள் முன்னால் செய்து காட்ட இதைப்போல இன்னொரு வேலை இல்லை.

ஆயுத பூஜையன்று இயந்திரத்தைத் துடைத்து, தூசி தட்டி, பிளேடைக் கழற்றி, விபூதி குங்குமம் இட்டு நிறுத்திவிடுவது பட்டறை வழக்கம். மறுநாள் விஜயதசமி. பிள்ளைகளைப் புதிதாக ஒரு வித்தையில் அமர்த்தும் அந்த நாளில் மெல்லிய பலகையும் நேர்கோடும் கொடுத்து இந்த வேலையைத் தொடங்கிவைக்கலாம்.

மார்கழிக்கான சிக்குக் கோலம் இந்த இயந்திரத்துக்கென்றே பிறந்ததுபோல இருக்கும். ஒன்று, மூன்று, ஐந்து, மூன்று, ஒன்று என்று நேர்ப்புள்ளி வைத்த 13 புள்ளிக் கோலத்தை எடுத்துக்கொள்ளலாம். கோடு மரமாக நிற்க வேண்டும். கோட்டுக்கு இடையிலான வெளி வெட்டப்பட வேண்டும். பக்கத்துப் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் நடுவே கோடு குறுக்காகக் கடக்கும் கோலமானால், புள்ளியைச் சுற்றிய அறைகள் 13, நான்கு புள்ளிகளுக்கு நடுவில் விழும் அறைகள் 4, ஆக 17 ஜன்னல்கள். 17 துளைகள், 17 முறை பிளேடைக் கழற்றி மாட்டும் வேலை. கோடு தன்னையே கடந்து கடந்து போவதால் மரம் எங்கும் துண்டிக்கப்படாமல் ஒரே வலையாக நிற்கும். ஆனால் புள்ளி மட்டும் நிற்காது. அதைத் தாங்க அறைக்குள் எதுவும் இல்லை. அதனால் புள்ளிகளைத் தனியாக அறுத்து, பின்னால் வேறு நிறப் பலகை வைத்து அதன்மேல் ஒட்டுகிறார்கள். வீட்டுப் பெயர்ப்பலகையில் மெய்யெழுத்தின் புள்ளிக்கும் இதே கதிதான்.

அறுக்கும் வரிசை முக்கியம். பலகையில் முதலில் மாஸ்கிங் டேப், அதன்மேல் டிசைன் தாள். நடு அறைகளை முதலில் வெட்டி வெளியே நகர வேண்டும். வெளிக்கோட்டைக் கடைசியில்தான் தொட வேண்டும். வெளிப்பலகை இருக்கும்வரைதான் விரலுக்குப் பிடிமானம் இருக்கும்.

விளக்கு, நட்சத்திரம், மாடு

கார்த்திகை தீபத்துக்கு ஜாலி அறுத்த நான்கு பலகைகளைச் சேர்த்துக் கூண்டாக்கினால், உள்ளிருக்கும் வெளிச்சம் சுவரெங்கும் கோலம் போடும். உள்ளே வைக்க வேண்டியது எல்.ஈ.டி. விளக்கு மட்டுமே. அகலை அந்தக் கூண்டுக்குள் ஒருபோதும் வைக்கக் கூடாது. அதற்குத் திண்ணையும் மாடமும் இருக்கின்றன.

கிறிஸ்துமஸுக்கு அம்பத்தூர், ஆவடி வீடுகளின் வாசலில் தொங்கும் காகித நட்சத்திரம் ஒரு நல்ல மழைக்குத் தாங்குவதில்லை. நான்கு மில்லிமீட்டர் மரைன் ப்ளையில் அறுத்து எல்லாப் பக்கமும் எனாமல் பூசிய நட்சத்திரம் பல ஆண்டு நிற்கும். குடிலுக்கான ஆடு, ஒட்டகம், மேய்ப்பர் உருவங்களுக்கு யானைக்குச் சொன்ன அதே முறை. பொங்கலுக்கு மாடு, கன்று, கரும்பு, பானை ஆகியவற்றை முக்கால் அங்குலப் பலகையில் புதிராக அறுக்கலாம். மூன்று வயதுப் பிள்ளை கையில் நிற்கும், வாயில் போட முடியாத அளவில் ஒவ்வொரு துண்டும் இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் லேசர் கடைகள் சில நிமிடங்களில் வெட்டித் தருகின்றன. மூன்று மில்லிமீட்டர் பலகையில் நூறு வேண்டும் என்றால் லேசரே சரி. ஆனால் லேசர் மரத்தை எரித்து வெட்டுகிறது, ஓரம் கருகும். தடித்த கட்டையில் அது தடுமாறும், நான்கு பக்கமும் திரும்பி நிற்கும் யானையை அதனால் எடுக்க முடியாது. மரத்தின் உண்மையான நிறம் ஓரத்திலும் தெரிய வேண்டும் என்றால் ரம்பம்தான் வழி.

மரத்தூளைச் சாதாரணமாக நினைப்பது தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. எம்.டி.எஃப். தூளில் பிசினும் கலந்திருக்கும். கைக்குட்டை கட்டுவது போதாது, என்.95 முகக்கவசமும் கண்ணாடியும் வேண்டும். மழை என்று கதவைச் சாத்திக்கொண்டு அறுக்கக் கூடாது. தொங்கும் துப்பட்டா, வளையல், அவிழ்ந்த கூந்தல், வேட்டி நுனி எதுவும் பிளேடின் பக்கம் வரக் கூடாது. பிளேடை மாற்றும்போது ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

பொங்கல் முடிந்ததும் வேலை நின்றுவிடுகிறது என்று மரத்தை மறந்துவிட வேண்டாம். மாசியில் வாங்கிய அரை அங்குலப் பலகையை, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, நிழலில் காற்றோட்டமாக விட்டால் சித்திரை, வைகாசி வெயிலில் தானாகக் காய்ந்து ஆடியில் அறுக்கத் தயாராகும். அடுத்த கொலுவுக்கான மரத்தை வாங்க வேண்டிய மாதம் மாசி.